துருவ மீன் தெரியாத ஊரில் வடக்கு

(நீண்ட பதிவு. வானியல் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

சென்ற பிப்ரவரியில், செம்பூரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் நடந்த ஒரு சிறு நிகழ்விலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் மாடியில் நீர்க்கசிவுப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையை எடுத்துச் செய்த கொத்தனார் தாராவியில் வசிப்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய மகன் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான். பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் அவன் ஓர் ஈக்வடோரியல் மவுண்ட் வாங்கியிருந்தான். விண்மீன்கள் நகரும் வேகத்திலேயே கேமராவையும் தொலைநோக்கியையும் திருப்பிக்கொண்டு செல்லும் தாங்கி அது. தாராவியில் அவர்கள் வீட்டுக் கூரை தகரம். மேலே ஏற வழியில்லை. எங்கள் மாடியைக் கேட்டான். சொசைட்டி அனுமதியும் கிடைத்தது. மூன்று இரவுகள் முயன்றுவிட்டு நான்காம் நாள் என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

“சார், இத வித்துரலாம்னு இருக்கேன். வடக்கே அந்தப் புது டவர் மறைக்குது. போலாரிஸ் தெரியாம இத செட் பண்ண முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

அறிவியல் வரலாறு படிப்பவன் என்ற முறையில் அவனுக்கு நான் சொன்ன பதிலின் விரிவே இந்தப் பதிவு. துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வடக்கைக் கண்டறிய முடியும் என்பது நம் காலத்தின் ஒரு வசதி மட்டுமே. நம் அகலக்கோட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் இருந்ததில்லை. அது இல்லாமலேயே அவர்கள் கோயில் கட்டினார்கள், விண்மீன் பட்டியல் தொகுத்தார்கள், வானத்தைப் படமெடுத்தார்கள்.

*

முதலில் சிக்கல் என்ன என்பதைப் பார்ப்போம்.

பூமி தன் அச்சில் சுழல்வதால் வானம் சுழல்வதுபோலத் தோன்றுகிறது. அந்தத் தோற்றச் சுழற்சியின் மையம் வான்துருவம். மவுண்டின் துருவ அச்சு அந்தப் புள்ளியை நோக்கி இருந்தால், ஒரே ஒரு மோட்டார் சீராகச் சுற்றினாலே போதும். விண்மீன் படத்தில் அசையாமல் நிற்கும். அச்சு விலகியிருந்தால் விண்மீன் மெல்ல நழுவிப் புள்ளிக்குப் பதில் கோடாக விழும். எவ்வளவு நழுவும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. அச்சு ஒரு பாகை விலகியிருந்தால் விண்மீன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 விகலை வரை நழுவும். 200 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்திய சாதாரண டிஜிட்டல் கேமராவில் இரண்டு நிமிடப் படம் எடுத்தால், விண்மீன் ஏழெட்டுப் பிக்சல் நீளத்துக்கு இழுபட்டுவிடும்.

துருவ நட்சத்திரம் இன்று வான்துருவத்திலிருந்து ஏறத்தாழ 40 கலை தள்ளி இருக்கிறது. ஆகவே அச்சை அதன் மீதே நேராகக் குறிவைத்தாலும் வேலை முடியாது. அந்த விலகலையும் கணக்கிட்டுத் திருத்தியாக வேண்டும். துருவ நட்சத்திரம் நமக்குக் காட்டுவது அக்கம்பக்கத்தை மட்டுமே.

அடுத்த சிக்கல் அகலக்கோடு. ஓர் ஊரின் அகலக்கோடு எத்தனை பாகையோ, அடிவானிலிருந்து வான்துருவம் அத்தனை பாகை உயரத்தில் இருக்கும். லண்டனில் 51 பாகைக்கு மேல். வீட்டுக்கூரைகளுக்கு மேலே எளிதாகத் தெரியும். மும்பையில் 19 பாகை. சென்னையில் 13. கொடைக்கானலில் 10. கொழும்பில் 7. தாராவிச் சந்தில் நிற்பவனுக்கு இது என்ன பொருள்? கண்மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயர்ந்த சுவர் ஒன்று வடக்கே இருந்தால், அதிலிருந்து 29 மீட்டர் பின்னால் நின்றால்தான் துருவ நட்சத்திரம் சுவருக்கு மேல் தலைகாட்டும். 60 மீட்டர் உயரக் கோபுரக் குடியிருப்பு என்றால் 170 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகவேண்டும். தாராவியில் அத்தனை வெற்றிடம் எங்கே இருக்கிறது?

மறைப்பு இல்லாவிட்டாலும் காற்றுமண்டலம் இருக்கிறது. 19 பாகை உயரத்திலிருந்து வரும் ஒளி, தலைக்கு நேர்மேலிருந்து வரும் ஒளியைப்போல மூன்று மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. செம்பூரின் புகைமூட்டத்தில் இரண்டாம் ஒளித்தர விண்மீன் ஒன்று அதைத் தாண்டி வருவது நிச்சயமில்லை. தெற்கு நோக்கிய பால்கனி மட்டுமே உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குகூடத் தேவையில்லை. அவர்களுக்கு வடவானமே கிடையாது.

*

இப்போது வரலாற்றுக்கு வருவோம்.

பூமியின் அச்சு பம்பரத்தின் தண்டுபோல மெல்லத் தலைசுற்றுகிறது; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். அதனால் வான்துருவம் விண்மீன்களுக்கிடையே இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று நாம் துருவ நட்சத்திரம் என்று அழைக்கும் விண்மீன், சங்க காலத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் வான்துருவத்திலிருந்து பத்துப் பாகைக்கும் மேல் தள்ளி, மற்ற விண்மீன்களைப்போலவே வட்டமடித்துக்கொண்டிருந்தது. அன்று துருவத்தின் மிக அருகில் பளிச்சென்று தெரியும் விண்மீன் வேறெதுவும் இல்லை. சங்கப் பாடல்கள் வடமீன் என்று குறிப்பிடுவதும் இந்த விண்மீனை அன்று. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்கு அருகே மங்கலாகத் தெரியும் அருந்ததியை. திருமணத்தில் இன்றும் காட்டப்படுகிறதே, அதுதான் நம் பழைய வடமீன்.

அப்படியானால் அக்காலத்துக் கட்டடக் கலைஞர்கள் திசையை எப்படிக் கண்டார்கள்? பகலில் கண்டார்கள். சமதரையில் ஒரு கோலை நேராக நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைவார்கள். காலையில் நீண்டிருக்கும் நிழல் குறுகிவந்து, அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு குறி. மாலையில் நிழல் மீண்டும் நீண்டு வட்டத்தைத் தொடும் இடத்தில் மற்றொரு குறி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாக நூல் பிடித்தால் வடக்கு தெற்கு. காத்யாயனரின் சுல்ப சூத்திரத்தில் இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. சூரிய சித்தாந்தமும் சொல்கிறது. மயமதம் போன்ற சிற்ப நூல்கள் அந்தக் கோலைச் சங்கு என்று அழைத்து, அதன் நீளம், மரம், நடும் விதம் ஆகியவற்றுக்குத் தனி இலக்கணமே வகுத்தன. நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனை எழுப்பப்பட்ட விதத்தைச் சொல்லும் பகுதியில், கோல்கள் நட்டு நிழல் பார்த்து, கயிறு பிடித்துத் திசை வகுத்த செய்தி வருகிறது.

இந்த முறையின் நுட்பம், நண்பகல் எப்போது என்று தெரியாமலேயே அது வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. காலை நிழலும் மாலை நிழலும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் சூரியன் சிறிது வடக்கே அல்லது தெற்கே நகர்ந்துவிடுகிறதே என்பதைக்கூடப் பிற்காலச் சித்தாந்த நூலார் கவனித்துத் திருத்தம் சொன்னார்கள். கருவியைக் குறை கூறாமல் பிழையை அளந்து கழிக்கும் இந்த மனப்பாங்கைத்தான் நாம் இனி வரும் ஒவ்வொரு கட்டத்திலும் காணப்போகிறோம்.

*

அடுத்து காந்த ஊசி. இதற்கு மும்பையிலேயே ஓர் அரிய வரலாறு இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1826இல் கொலாபாவில் ஒரு வானாய்வகம் அமைத்தது. விண்மீன்களை நோக்குவதும் துறைமுகக் கப்பல்களுக்கு நேரம் சொல்வதும் அதன் முதல் நோக்கங்கள். 1841இல், எல்ஃபின்ஸ்டன் கல்லூரியின் பேராசிரியர் ஆர்தர் பெட்ஃபோர்டு ஆர்லிபார் அங்கே புவிகாந்த அளவீடுகளைத் தொடங்கினார். காந்த ஊசி உண்மையான வடக்கைக் காட்டுவதில்லை. சற்றே விலகி நிற்கும். அந்த விலகல் ஊருக்கு ஊர் வேறுபடும், ஆண்டுதோறும் மாறும், ஒரே நாளின் காலைக்கும் மாலைக்கும் இடையிலும் சிறிது ஆடும். கொலாபாவில் இருந்தவர்கள் இந்த ஆட்டத்தைப் பல்லாண்டுகள் இடைவிடாமல் பதிவு செய்தார்கள். 1859 செப்டம்பர் தொடக்கத்தில் சூரியனில் எழுந்த பெருவெடிப்பு பூமியைத் தாக்கியபோது, கொலாபாவில் புவிகாந்தத்தின் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா சரிந்தது. உலகின் மிகப் பெரிய காந்தப் புயலாகக் கருதப்படும் அந்த நிகழ்வை ஆராய்பவர்கள் இன்றும் மும்பையின் அந்தப் பதிவேட்டைத்தான் புரட்டுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்க்கு மின்சார டிராம் வரவிருந்தது. தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் ஊசியை ஆட்டிவிடும் என்பதை அப்போதைய இயக்குநர் நானாபாய் அர்தேஷிர் ஃப்ராம்ஜி மூஸ் நன்கு அறிந்திருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். காந்த ஆய்வகத்தைக் கடலுக்கு அப்பால் அலிபாகுக்கு மாற்றினார்கள். இரும்பு கலவாத, காந்தப் பண்பற்ற கல்லால் கட்டடம் எழுந்தது. 1904 முதல் இரண்டு ஆண்டுகள் கொலாபாவிலும் அலிபாகிலும் ஒரே நேரத்தில் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு, அதன் பிறகே கொலாபாவின் அளவீட்டை நிறுத்தினார்கள். டிராம் 1907இல் ஓடத் தொடங்கியது. அலிபாகில் அளவீடு இன்றும் தொடர்கிறது.

மும்பையில் காந்த விலக்கம் ஒரு பாகைக்கும் குறைவு. எனவே ஊசியைப் பார்த்து வைத்தாலே மவுண்ட் ஓரளவு சரியாக நிற்கவேண்டும். ஆனால் எங்கள் மாடியில் அந்தப் பையன் கைப்பேசித் திசைகாட்டியை வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் பக்கம் நான்கு அடி நடந்தபோது, வடக்கு பத்துப் பாகைக்கு மேல் நகர்ந்தது. தளத்துக்குள் கம்பி, தொட்டிக்குக் கீழே கம்பி, லிஃப்ட் அறையில் மோட்டார். மூஸ் எதற்காகக் கடலைக் கடந்து போனார் என்பது அப்போது அவனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

*

வானத்தைப் படமெடுத்தவர்களின் கதை இதற்கு அடுத்தது.

காவஸ்ஜி தாதாபாய் நாய்காம்வாலா பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர். 1882இல் பாவ்நகர் மகாராஜா தக்தசிங்ஜி அளித்த ஐயாயிரம் ரூபாய் நன்கொடையைத் தொடக்கமாகக் கொண்டு, அரசின் உதவியுடன், ஒரு வானாய்வகத்துக்கு வழி பிறந்தது. அது பின்னர் புனே அறிவியல் கல்லூரியில் அமைந்தது. டப்ளின் நகர க்ரப் நிறுவனத்தின் தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது. 20 அங்குலக் கண்ணாடியுடன் அது நெடுங்காலம் இந்தியாவின் மிகப் பெரிய தொலைநோக்கியாக விளங்கியது.

1898 ஜனவரி 22 முழுச் சூரிய கிரகணத்தின்போது நாய்காம்வாலா தம் கருவிகளுடன் இன்றைய சோலாப்பூர் மாவட்டத்தின் ஜேவூரில் முகாமிட்டார். அமெரிக்காவின் லிக் ஆய்வகத்திலிருந்து வந்த கேம்ப்பெல்லும் அங்கேதான் தங்கியிருந்தார். திறந்த சமவெளி, மறைக்க எதுவுமில்லை. எனினும் அந்த ஆண்டில் துருவ நட்சத்திரம் வான்துருவத்திலிருந்து ஒன்றேகால் பாகை தள்ளி இருந்தது. இன்று இருப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அன்று அதைக் கண்ணால் பார்க்க முடிந்தவர்களுக்கும் கணக்கு போடாமல் அது உதவியிருக்காது.

1912இல் நாய்காம்வாலா ஓய்வு பெற்றதும் புனே ஆய்வகம் மூடப்பட்டது. கருவிகள் கொடைக்கானலுக்குச் சென்றன. பாவ்நகர் தொலைநோக்கி என்ற பெயரில் அந்த 20 அங்குலக் கருவி அங்கே புது வாழ்வு பெற்றது. வேணு பாப்பு காலத்திலும் பயன்பட்டது. பின்னர் 1980களில் லடாக்கின் லே பகுதிக்கு இடத்தேர்வு ஆய்வுக்காகப் போனது. புனேயின் அகலக்கோடு பதினெட்டரைப் பாகை, கொடைக்கானல் 10, லே 34. ஒரே தொலைநோக்கி. ஒவ்வோர் ஊரிலும் அதன் துருவ அச்சை அந்த ஊரின் அகலக்கோட்டுக்கு ஏற்பப் புதிதாகச் சாய்க்காமல் அது ஓர் இரவும் வேலை செய்திருக்க முடியாது. வடக்கு என்பது ஒருமுறை பெற்று எடுத்துச் செல்லக்கூடிய பொருள் அன்று. இடம் மாறினால் மீண்டும் முதலிலிருந்து கண்டறிய வேண்டும்.

ஐதராபாத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1887இல் பாரிஸில் கூடிய வானியலாளர்கள், உலகின் ஆய்வகங்கள் வானத்தைப் பங்கிட்டுப் புகைப்படமெடுத்து விண்மீன் பட்டியல் தயாரிப்பதென்று முடிவு செய்தார்கள். சிலி நாட்டின் சாந்தியாகோவுக்கு ஒதுக்கப்பட்டு நிறைவேறாமல் நின்ற தென்வானப் பகுதி ஒன்றை ஐதராபாத்தின் நிஜாமியா ஆய்வகம் ஏற்றது. 1914இல் போக்காக் பணியைத் தொடங்கினார். 1918இல் அவர் மறைந்தபின் டி. பி. பாஸ்கரன் பொறுப்பேற்று நடத்தினார். அந்தப் பட்டியலுக்கான வழக்கமான முறையில், ஒவ்வொரு கண்ணாடித் தகட்டிலும் ஆறு நிமிடம், மூன்று நிமிடம், இருபது நொடி என மூன்று முறை ஒளி விழச் செய்வார்கள். அச்சு பிறழ்ந்திருந்தால் தகடு பாழ். லட்சக்கணக்கான விண்மீன்களின் இடங்கள் இப்படித் தகட்டிலிருந்து அளக்கப்பட்டு அச்சேறின.

*

துருவ நட்சத்திரத்தைத் தேடாமல் அச்சை அத்தனை நுட்பமாகச் சரிசெய்வது எப்படி?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வானியல் புகைப்படக்கலை வளர்ந்தபோது, இதற்கான முறையும் செம்மை பெற்றது. ஜெர்மனியின் போட்ஸ்டாமில் பணியாற்றிய யூலியுஸ் ஷைனர் பெயரால் ஜெர்மானியரும், கியோம் பிகுர்தான் பெயரால் பிரெஞ்சுக்காரரும் அதை அழைக்கிறார்கள். ஆங்கிலம் பேசுவோர் ட்ரிஃப்ட் முறை என்பார்கள். தமிழில் நழுவல் முறை எனலாம். அதன் அடிப்படை மிக எளிது. அச்சு பிறழ்ந்திருந்தால் விண்மீன் நழுவும். ஆகவே நழுவலைப் பார்த்தால் பிறழ்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

முதலில் தெற்கே, வடதென் கோட்டின் மேல், வான நடுவரைக்கு அருகில் உள்ள ஒரு விண்மீனைப் பிடிக்க வேண்டும். மோட்டார் ஓட, சில நிமிடங்கள் கவனிக்க வேண்டும். விண்மீன் தெற்கே நழுவினால் அச்சு உண்மைத் துருவத்துக்குக் கிழக்கே திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே திரும்பியிருக்கிறது. அதற்கேற்ப மவுண்டை இடமோ வலமோ திருப்பி, நழுவல் நிற்கும் வரை திருத்த வேண்டும். அடுத்து, கிழக்கே தாழ்வாக உள்ள ஒரு விண்மீன். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. இதையும் திருத்திவிட்டு மீண்டும் தெற்கு விண்மீனுக்கு வர வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் துருவம் கைக்கு வரும்.

இந்த முறை முழுவதிலும் வடக்குப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தெற்கும் கிழக்கும் போதும். கிழக்கு மறைந்திருந்தால் மேற்கு விண்மீனைக் கொண்டும் செய்யலாம். அங்கே உயர்வு தாழ்வு விதி தலைகீழாகும். இன்றைய கணினி நிரல்கள் வானத்தின் ஏதோ ஒரு பகுதியில் மூன்று படங்கள் எடுத்து, விண்மீன் அமைப்பை அடையாளம் கண்டு, அச்சின் பிறழ்வைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகின்றன. அவை செய்வதும் இதே வேலைதான்: சுழற்சியைப் பார்த்து அதன் மையத்தைக் கணக்கிடுவது.

*

மாடிக்குத் திரும்புவோம்.

நழுவல் முறையைத் தொடங்க, மவுண்ட் ஏறத்தாழ வடக்கு நோக்கியாவது நிற்க வேண்டும். திசைகாட்டி கைவிட்டது. நண்பகல் நிழலை வைத்துக் கோடு போடலாம் என்றேன். பையன் பன்னிரண்டு மணிக்குத் தயாராக நின்றான். அங்கேயும் ஒரு வரலாறு குறுக்கிட்டது.

நம் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி மும்பையின் நண்பகல் அன்று. இந்தியச் சீர்நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. மும்பை அதற்கு ஏறத்தாழ பத்துப் பாகை மேற்கே. ஆகவே இங்கே சூரியன் 38 நிமிடங்களுக்கு மேல் பிந்தியே உச்சிக்கு வருகிறது. 1906இல் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தபோது பம்பாய் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 39 நிமிடம் பின்தங்கிய பம்பாய் நேரத்தை மாநகராட்சி 1955 வரை விடாமல் வைத்திருந்தது. அதோடு சூரியனுக்கே உரிய ஆண்டு ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால், செம்பூரில் பிப்ரவரி 11 அளவில் உண்மை நண்பகல் 12.53 மணி, நவம்பர் தொடக்கத்தில் 12.22 மணி.

“அப்ப 12.53க்குக் கோடு போட்டா சரியா இருக்குமா சார்?”

இருக்கும், ஆனால் அந்த வேளையில் நிழல் விரைவாகத் திரும்புகிறது. பிப்ரவரியில் ஒரு நிமிடம் தவறினால் கிட்டத்தட்ட அரைப் பாகை பிழை. மே மாத நடுவில் சூரியன் தலைக்கு நேர்மேலே வரும் நாள்களில் நண்பகல் நிழலே இருக்காது.

பூச்சுக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த கொத்தனார் இதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அருகில் வந்தார்.

“ஐயா, ஒரு நேரத்து நெழல நம்பப்படாது. எங்க ஊர்ல கோயில் மதில் போட்டப்போ பெரியவர் ஒருத்தர் காலையில ஒரு குறி, சாயங்காலம் ஒரு குறி போட்டுத்தான் கயிறு பிடிச்சாரு. நான் சின்னப் பயலா இருந்து பாத்திருக்கேன்.”

காத்யாயனரையும் மயமதத்தையும் மகனிடம் நான் விளக்கி முடித்திருந்த நேரம் அது. தந்தை எந்த நூலும் படிக்காமல் அதே வட்டத்தைச் சொன்னார்.

மறுநாள் அவரே செய்தார். ரசமட்டம் வைத்துத் தளம் சமமாக உள்ள இடத்தைத் தேர்ந்தார். ஒரு கம்பை நட்டு, தூக்குக்குண்டு தொங்கவிட்டு அதை நேராக்கினார். சாக்பீஸும் நூலும் கொண்டு வட்டம் போட்டார். காலை பதினொன்றரைக்கு நிழல் நுனி வட்டத்தைத் தொட்டபோது ஒரு குறி. பிற்பகல் இரண்டேகாலுக்கு மற்றொன்று. இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளியைக் கம்பின் அடியோடு இணைத்தார். தொலைவில் நிற்கும் புதுக் கோபுரத்தை நோக்கிக் கோடு நேராக ஓடியது. வேலை நேரத்தில் மகனிடம் அதிகம் பேசாத மனிதர், “இதாண்டா வடக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கலவையைப் பார்க்கப் போனார்.

மாலையில் அந்தக் கோட்டின் மேல் மவுண்டை வைத்தோம். அச்சின் சாய்வை 19 பாகைக்கு நிறுத்தினோம். இரவு எட்டே முக்கால் அளவில் ஓரியனின் இடைக்கச்சை தெற்கே உச்சிக்கோட்டைக் கடந்தது. அந்த மூன்றில் மேற்கே உள்ளது மிந்தாக்கா. ஏறத்தாழ வான நடுவரையின் மேலேயே இருப்பது. அதைப் பிடித்து ஐந்து நிமிடம் பார்த்தோம். மெல்லத் தெற்கே நழுவியது. ஆகவே அச்சு கொஞ்சம் கிழக்கே இருந்தது. திருகை ஒரு சிறு சுற்றுச் சுற்றினான். மீண்டும் ஐந்து நிமிடம். பிறகு கிழக்கே ஒரு விண்மீன். அங்கே சாய்வு தாழ்ந்திருந்தது. மீண்டும் தெற்கு. பத்தரை மணிக்கு மிந்தாக்கா அசையாமல் நின்றது. அந்த இரவின் இரண்டு நிமிடப் படங்களில் விண்மீன்கள் வட்டமாக விழுந்தன. நகர வெளிச்சத்தின் செம்பழுப்பு மூட்டத்துக்கு நடுவே ஓரியன் ஒண்முகில் ஒரு சிறு சிறகுபோலத் தெரிந்தது.

படம் உலகத் தரமானது அன்று. வாங்கணிக்குப் போய் எடுப்பவர்கள் இதைவிடப் பன்மடங்கு நன்றாக எடுக்கிறார்கள். வாய்ப்புள்ளவர்கள் கர்ஜத் வண்டி ஏறி அங்கேதான் போக வேண்டும். ஆனால் ஒவ்வொரு தெளிந்த இரவும் சுமையோடு ரயிலேற ஒரு மாணவனால் முடியாது. 2025 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல், வானியற்பியல் ஒலிம்பியாட் இதே மும்பையில் நடந்தது. அதை நடத்திய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் எங்கள் கட்டடத்திலிருந்து தொலைவில் இல்லை. அத்தகைய ஊரில், வடக்கே ஒரு கட்டடம் எழுந்துவிட்டது என்பதற்காக ஒருவன் தன் மவுண்டை விற்கிறான் என்றால் அது வானத்தின் குறை அன்று. நாம் சொல்லிக்கொடுக்கத் தவறியதன் குறை.

அவன் விற்கவில்லை. சாக்பீஸ் கோடு அழிந்துவிடும் என்று கொத்தனார் அதன் மேல் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெள்ளைச் சிமெண்ட் பூசிவிட்டார். சொசைட்டிச் செயலாளர் அது என்னவென்று கேட்டார். வடக்கு என்றேன்.

தெற்குப் பால்கனி மட்டும் உள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தெளிந்த மாலையில் மேலே சொன்ன நழுவல் முறையைச் செய்து பாருங்கள். முதல் நாள் பொறுமை போய்விடும். மூன்றாம் நாள் அரைமணியில் முடியும். ஐயம் இருந்தால் கீழே கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் நிழல் பார்த்துத் திசை குறித்த நினைவு யாருக்காவது இருந்தால், ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். அந்தக் குறிப்புகளைத் தொகுத்து வருகிறேன்.